நந்தனைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

கவிஞனுக்குச் சான்றிதழ் தருபவர் யார் என்னும் வினா தமிழ் உலகில் நெடுநாளாக நிலவி வருவது. புலவர் அவையா, பொதுமக்கள் கூட்டமா? ஏட்டில் நிற்பது கவிதையா, நாவில் நிற்பது கவிதையா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் முடிகொண்டான் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பண்டிதர் ஒருவரின் வாயிலில் காத்து நின்றது; அதற்கு முன்னரே பல்லாயிரவர் உள்ளத்தில் குடிபுகுந்திருந்தது.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், 1811ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். வழிவழியாக இசைப்புலமை வாய்ந்த அந்தணர் குடும்பம். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். முடிகொண்டான் என்னும் சிற்றூரில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னர் மாயூரத்திற்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்னும் செல்வரின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. இல்லறத்தை அவர் நாடவில்லை. மாயூரத்தில் கோவிந்த சிவம் என்பாரிடம் அத்துவித நூல்களையும் யோகநெறியையும் பயின்றார். ஒட்டிய உடல், எளிய உடை, கழுத்தில் உருத்திராக்கம் என்ற தோற்றமே அவருடையது. முதன்முறை காண்பவர் அவரைப் பெருங்கவிஞர் என்று மதித்திருக்கமாட்டார்.

இசையும் கதையும்

கருநாடக இசை அவருக்குக் குடும்பச் சொத்து. அதனோடு அமையாமல், மராட்டிய அரசகுடும்பத்தினர் தங்கியிருந்த திருவிடைமருதூருக்குச் சென்று, அங்கிருந்த இராமதாசர் என்னும் பாடகரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றார். காவிரிக்கரையில் அக்காலத்தில் தெலுங்குக் கீர்த்தனை, மராட்டியப் பதம், தமிழ்த் தேவாரம், தெருவில் பாடும் சிந்து, வயலில் பாடும் ஏற்றப்பாட்டு யாவும் ஒரே காற்றில் கலந்து ஒலித்தன. இவற்றுள் எதனையும் தாழ்ந்ததென ஒதுக்காத செவி பாரதியாருடையது. அவருடைய பிற்காலப் படைப்புக்கு மூலதனம் இதுவே.

தியாகராசரைக் காண அவர் திருவையாறு சென்ற செய்தி செவிவழியாக வழங்குகிறது. சீடர்கள் ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனராம். மாயூரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர் என அறிந்த தியாகராசர், கோபாலகிருஷ்ண பாரதியைத் தெரியுமா என்று வினவ, வந்தவரே அவர் எனத் தெரிந்தது. ஆபோகியில் ஏதேனும் பாடியதுண்டா என்று அவர் கேட்டார். அதுவரை பாடியிராத பாரதியார் தில்லைச் சபாபதியைப் பற்றி அவ்விராகத்தில் ஒரு கீர்த்தனை இயற்றி மறுநாள் பாடிக் காட்டினார் என்பர். தியாகராசர் மறைந்தது 1847ஆம் ஆண்டு சனவரியில். ஆதலின் இச்சந்திப்பு அதற்கு முற்பட்டதாதல் வேண்டும். அந்த ஆபோகிக் கீர்த்தனை இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது.

தனிக்கீர்த்தனைகளோடு பாரதியார் நின்றிருந்தால் இசைவாணர் வரிசையில் ஒருவராக மட்டுமே இருந்திருப்பார். கதையைப் பாட்டாக்கிக் காலட்சேபம் செய்யும் துறையே அவரைத் தனிநிலைக்கு உயர்த்தியது. இத்துறையில் அவருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. சீகாழி அருணாசலக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இராமாயணத்தைக் கீர்த்தனை வடிவில் நாடகமாக்கியிருந்தார். ஆயினும் சைவ அடியார் ஒருவரின் சரித்திரத்தை முழுமையாக எடுத்து, விருத்தம், கீர்த்தனை, கண்ணி, நொண்டிச்சிந்து முதலிய பல்வகைப் பாட்டாலும் நடத்திச் செல்லும் வகையைப் பெருக வளர்த்தவர் பாரதியாரே. நந்தனாரைத் தவிரத் திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்கால் அம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் அவர் பாடினார்.

கதாகாலட்சேபம் என்பது சொற்பொழிவும் அன்று; கச்சேரியும் அன்று; நாடகமும் அன்று. மூன்றின் சாறும் அதில் உண்டு. மாலைப்பூசை முடிந்த பின் கோயில் மண்டபத்திலோ செல்வர் வீட்டுக் கூடத்திலோ விளக்கேற்றுவர். கதை சொல்பவர் நடுவில் நிற்பார். அருகில் தம்புராவும் மிருதங்கமும் தாளமும் இருக்கும். பின்பாட்டுக்காரர் பல்லவியை ஏந்திக்கொள்ள, அவர் இடைவெளியில் வசனம் சொல்லிக் கதையை நகர்த்துவார். ஒரே மனிதர் ஆண்டையாகச் சீறுவார். அடுத்த கணம் அடிமையாகக் கைகட்டி நிற்பார். பெருங்கதையாயின் பலநாள் நீளும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேதம் ஓதியவரும் ஒரே இடத்தில் அமர்ந்து ஒரே சொல்லைக் கேட்பர். கேட்டவர் விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது அதே பாட்டை முணுமுணுப்பர். அச்சுநூல் அருகியிருந்த காலத்தில் இலக்கியம் பரவிய வழி இது.

சேக்கிழாருக்கு அப்பால்

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சிறியது. கொள்ளிடக்கரை ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் தந்து தொண்டு செய்கிறார். திருப்புன்கூரில் இறைவனை நேர்நின்று காண விரும்பியபோது நந்தி விலகி வழிவிடுகிறது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்களைக் கழிக்கிறார். இறுதியில் தில்லையடைந்து, இறைவன் கட்டளைப்படி எரியில் மூழ்கி எழுந்து, அம்பலத்தில் கலந்து மறைகிறார். சேக்கிழார் காட்டும் நந்தனாரைத் தடுப்பவர் என்று தனியொருவர் இல்லை. பிறப்பு என்னும் எண்ணமே அவரைத் தடுக்கிறது.

பாரதியார் இங்கேதான் துணிந்தார். நந்தனை ஒரு வேதியரின் பண்ணையாள் ஆக்கினார். தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு அவன் ஆண்டையின் முன் நிற்கிறான், ஆண்டை சினக்கிறார், அவன் குலத்துப் பெரியவர்களும் ஊர்த் தெய்வங்களை விட்டுச் சிவனை நாடுவது நமக்கு அடுக்குமா என்று அவனைத் தடுக்கின்றனர். கடைசியில் நாற்பது வேலி நிலத்தின் விளைவு முழுவதையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று ஆண்டை நிபந்தனை விதிக்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். நாற்பது வேலி இருநூற்றறுபது ஏக்கரைத் தாண்டும். ஒற்றை மனிதனால் ஆகாத அவ்வேலை சிவனருளால் ஓரிரவில் முடிகிறது. விடிந்து கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகிறார். இவற்றுள் எதுவும் சேக்கிழாரிடம் இல்லை.

இம்மாற்றத்தைக் கற்பனையின் விளையாட்டு என்று தள்ளிவிடுதல் தகாது. பாரதியார் வளர்ந்த நிலம் தஞ்சைத் தரணி. நெல் விளையும் வேலிக்கணக்கான நிலம் சிலர் கையிலும், அதில் உழைக்கும் உடல்கள் பலர் பெயரிலும் இருந்த நாடு அது. இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843ஆம் ஆண்டில்தான். அப்போது பாரதியாருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. பண்ணையாள் ஒருவன் ஒருநாள் ஊரை விட்டுச் செல்லவும் ஆண்டையின் வாய்ச்சொல் வேண்டியிருந்த நிலையை அவர் கண்ணால் கண்டிருந்தார். ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியத்துள் தம் காலத்து வயலைக் கொண்டுவந்து வைத்தார். பழைய அடியார் கதை புதிய செய்தியாயிற்று. உத்தரவு கேட்டு நிற்கும் நந்தனின் பாட்டு மக்கள் நெஞ்சைத் தைத்ததற்கு இராகம் மட்டும் காரணம் அன்று. அப்படி நின்ற ஒருவனை அவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

சொல்லின் தேர்வும் இத்துணிவிற்கு ஏற்றதாகவே அமைந்தது. ஆண்டை பேசும்போது அக்காலத்து அக்கிரகாரப் பேச்சு வருகிறது. சேரியில் பேசும்போது சேரிப் பேச்சு வருகிறது. நந்தன் இறைவனை நினைக்கும்போது வேதாந்தம் எளிய தமிழில் வருகிறது. செய்யுளுக்கு உரிய மொழி இதுவென்று புலவர் உலகம் ஒப்புக்கொண்டிராத காலம் அது.

கேட்டவரும் அச்சிட்டவரும்

நாகப்பட்டினத்தில் இக்கதையைப் பாரதியார் நாட்கணக்கில் பாடியபோது கூட்டம் நாளுக்கு நாள் பெருகிற்று. ஒருநாள் கேட்டவர் மறுநாள் சுற்றத்தாரை அழைத்து வந்தார். பிற பாகவதர்களும் அவரிடம் பாட்டுக் கேட்டுப் பெற்றுச் சென்று தத்தம் ஊர்களில் பாடினர். அவ்வாறு கேட்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர், காரைக்காலில் பணியாற்றிய சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரி. அயல்நாட்டவராயினும் தமிழ்ச் சுவை அறிந்தவர். அவருடைய ஊக்கத்தாலும் உதவியாலும் 1860களின் தொடக்கத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. தமிழ்க் கதைப்பாட்டு ஒன்று நூலாகி ஊர்தோறும் செல்லக் காரணமாயிருந்தவர் பிரெஞ்சுக்காரர் என்பது எண்ணத்தக்கது.

நூல் வெளிவருவதென்றால் அக்காலத்தில் பெரும்புலவரின் சிறப்புப்பாயிரம் வேண்டும். சோழநாட்டில் அப்போது அப்பெருமைக்குரியவர் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815இல் பிறந்த அவர் பாரதியாரைவிடச் சில ஆண்டுகள் இளையவர். ஆனால் தலபுராணங்களும் பிள்ளைத்தமிழும் அந்தாதியும் ஆயிரக்கணக்கான செய்யுளாகப் பாடிக் குவித்தவர். பெரியபுராணத்தில் தோய்ந்தவர். பாரதியாரின் நூலில் இலக்கண வழுக்கள் அவர் கண்ணை உறுத்தின. சேக்கிழார் சொல்லாத கதையை நுழைத்தது அதனினும் உறுத்தியது. மறுத்துச் சொல்லவும் மனமின்றி, எழுதித் தரவும் மனமின்றி அவர் நாளைக் கடத்தினார். பாரதியார் சலியாது பலமுறை நடந்தார். நாளைப் போவேன் என்ற அடியாரைப் பாடியவர், நாளை வா என்ற விடையோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நண்பகல். பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வுகொண்டிருந்தார். வந்த பாரதியார் எழுப்பவில்லை. திண்ணையில் அமர்ந்து தம் நந்தனார் கீர்த்தனைகளுள் ஒன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். கேட்பவர் ஒருவரும் இல்லை என்ற நினைவில் எழுந்த பாட்டு அது. உள்ளே படுத்திருந்தவர் செவியில் அது விழுந்தது. ஏட்டில் கண்டபோது வழுவாகத் தெரிந்த சொற்கள் குரலில் வந்தபோது உருக்கமாயின. பிள்ளையவர்கள் எழுந்து வெளியே வந்தார். பாயிரம் எழுதித் தந்தார். இலக்கணத்தை அவர் அன்றும் கைவிடவில்லை. ஆயினும் இலக்கணத்தால் அளக்கலாகாத ஒன்று அந்நூலில் உண்டென்று ஒப்புக்கொண்டார். அதுவரை வாசகராக இருந்து எடைபோட்டவர், அந்த நண்பகலில் கேட்பவராக மாறினார். தம் புலமைக்குக் குறைவென்று கருதாமல் தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொண்ட மகாவித்துவானின் பெருந்தன்மையும் இங்குப் போற்றற்குரியது.

மாயூரத்து நாட்கள்

பாரதியாரின் முதுமை மாயூரத்தில் கழிந்தது. அவ்வூரில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருடைய நண்பர். ஒருவர் கிறித்தவர், மற்றவர் சிவனடியார். சர்வசமயக் கீர்த்தனை பாடியவரும் சபாபதியைப் பாடியவரும் தமிழாலும் இசையாலும் ஒன்றுபட்டனர். 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்கு உணவளித்தார். அரசரையும் செல்வரையும் புகழ்வதை நாடாத பாரதியார் அந்த ஈகையைக் கண்டு அவரைப் பாடினார்.

1871ஆம் ஆண்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்கப் பதினாறு வயது இளைஞர் ஒருவர் மாயூரம் வந்தார். அவர் பிற்காலத்து உ. வே. சாமிநாதையர். அவர் தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர்; நந்தன் சரித்திரத்தைக் காலட்சேபம் செய்பவர். பாரதியாரிடம் அவருக்கு முன்பே பழக்கம் உண்டு. ஆகவே மகன் பாரதியாரிடம் இசையும் பயில ஏற்பாடாயிற்று. அப்போது பாரதியாரின் குரல் கம்மிப்போயிருந்தது. கேட்டவரைக் கண்ணீர் விடச் செய்த குரல் அடங்கிவிட்ட நிலையிலும், பிடில் கொண்டு பயின்றும் சொல்லிக்கொடுத்தும் அவர் இசையை விடவில்லை. சாமிநாதையர் சிறிது காலமே கற்றார். இசைப்பயிற்சி மிகுந்தால் இலக்கண இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்பது பிள்ளையவர்கள் கருத்து. அது தெரிந்ததும் மாணவர் நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஊரில் இரண்டு தமிழ். இருவரிடமும் பயின்றவர் ஒருவரே. தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது அவர் ஏட்டுத் தமிழைத் தேர்ந்தார். அத்தேர்வினால் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் நமக்குக் கிடைத்தன. எனினும் மாயூரத்துக் கம்மிய குரலை அவர் மறக்கவில்லை. எண்பது வயதை எட்டிய பின், 1936இல், கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். பாரதியாரைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அம்மாணவர் செலுத்திய குருதட்சிணையே.

பாட்டின் பயணம்

பாரதியார் மறைந்த பின்னும் நந்தன் நடந்துகொண்டேயிருந்தான். மராட்டியக் கீர்த்தன முறையைத் தமிழ்க் கதைகளோடு இணைத்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நந்தன் சரித்திரத்தைத் தம் காலட்சேபங்களில் எடுத்து நாடெங்கும் பரப்பினார். பெண்கள் கதை சொல்லலாகாது என்ற எதிர்ப்பைக் கடந்து மேடையேறினார் சரஸ்வதி பாய். சுதேசி இயக்கத்தின் போது சுப்பிரமணிய பாரதியார் நந்தன் சரித்திர மெட்டுக்களில் அரசியல் பாட்டுக்கள் புனைந்தார். ஆண்டைக்கும் அடிமைக்கும் நடந்த உரையாடல், ஆள்வோருக்கும் தேசபக்தருக்கும் நடக்கும் உரையாடலாக உருமாறியது. கேட்பவர் அனைவர்க்கும் மூலப்பாட்டு முன்பே மனப்பாடம் ஆதலின் எள்ளலின் கூர்மை உடனே விளங்கிற்று. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்த திரைப்படம் வெளிவந்தது; 1942இல் தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார்.

இப்பெருமைகளின் நடுவே ஒரு முள்ளும் உண்டு. அதை மறைப்பது பாரதியாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கோயிலுக்குள் நுழைய ஏங்கிய ஒருவன் கதை கோயில் மண்டபங்களிலேயே பாடப்பட்டது. கேட்டவர் கண்ணீர் விட்டனர். ஆனால் அந்த மண்டபத்திற்குள் நந்தன் குலத்தார் வந்து அமர்ந்து கேட்க இயலாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939இல் அவர்கள் நுழையவும், சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947இல் வரவும் பின்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நெருப்பில் மூழ்கித்தான் நந்தன் தூய்மை பெறவேண்டுமா என்று பிற்காலத்தார் கேட்டனர். இந்திரா பார்த்தசாரதி தம் நந்தன் கதை நாடகத்தில் அந்த எரியையே சூழ்ச்சியாகக் காட்டினார். பாரதியார் ஆண்டையை அடிமையின் காலில் விழவைத்தார்; ஆனால் எரியை அகற்றவில்லை. சேக்கிழாரைக் கடந்து ஓரடி வைத்தார்; அடுத்த அடி அவர் காலத்தில் வைக்கப்படவில்லை. அந்த முதலடி இல்லையேல், பின்வந்தோர் கேட்ட வினாவிற்குக் களமே இருந்திராது.

பாரதியாரின் பாடல்களில் வழுக்கள் உண்டு. மகாவித்துவான் கண்டது பொய்யன்று. ஆயினும் வழுவற்ற எத்தனையோ புராணங்கள் இன்று ஏட்டிலும் நூலகத்திலும் உறங்க, இந்நூல் பாடப்பட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லைத் தீட்டுவோர்க்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எழுதியதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்தல் ஆகாது. வாய்விட்டுச் சொல்லிக் கேட்டல் வேண்டும். தம் காலத்து வயலும் வாசலும் அதில் வந்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பாரதியார் பாயிரத்திற்காகப் பலநாள் நடந்தவர்தாம். ஆனால் பாயிரம் வரும்வரை பாட்டை நிறுத்தி வைத்தவர் அல்லர்.